ஆதாரம் கேட்பது விசுவாசத்துக்கு எதிரானதா?

‘காணாதிருந்தும் விசுவாசிக்கிறவர்கள் பாக்கியவான்கள்’ என்று இயேசுவே சொல்லியிருக்க, ஆதாரம் கேட்பது பாவமல்லவா என்கிறீர்கள். அந்த வசனம் வரும் யோவான் நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தைச் சற்று முன்னிருந்து படியுங்கள். இயேசு உயிர்த்தெழுந்ததை, காயங்களைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்ற சீடர் தோமாவை இயேசு விரட்டவில்லை. காயங்களைத் தொட்டுப் பார்க்க அழைத்தார். (தோமா தொட்டதாக அங்கே எழுதப்படவில்லை, தொட வைத்தவர்கள் ஓவியர்கள்!) ஆதிச் சபையின் அப்போஸ்தலர் பவுல் இன்னும் துணிச்சல்காரர். உயிர்த்த இயேசுவை ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் ஒரே வேளையில் கண்டார்கள், பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்று கொரிந்து நகரச் சபையாருக்கு எழுதுகிறார். வேண்டுமானால் போய் விசாரியுங்கள் என்பதுபோல. கிறிஸ்து எழுந்திராவிட்டால் விசுவாசமே வீண் என்றும் ஒப்புக்கொள்கிறார். இந்தச் சாட்சியம் இன்றைய வரலாற்றாய்வாளருக்குப் போதுமா என்பது தனி விவாதம். ஆனால் எல்லாவற்றையும் நிரூபிக்கலாம் என்றும் திருச்சபை சொன்னதில்லை. 13ஆம் நூற்றாண்டின் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், கடவுள் இருப்பதைப் பகுத்தறிவால் அறியலாம், திரித்துவத்தை (ஒரே கடவுள் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூவராயிருப்பதை) இறைவெளிப்பாடின்றி அறிய முடியாது என்றார்.