பரீட்சைக் காலமும் காலைக் கோர்ட்டிசோலும்: கேள்வி பதில்

கிண்ணியா, உயர்தர மாணவி: பரீட்சை நெருங்க நெருங்க, விடிய எழும்பினதுமே நெஞ்சு படபடக்கிறது. கோர்ட்டிசோல்தானா காரணம்?

தங்கச்சி, படபடப்பு பெரும்பாலும் அட்ரினலின் என்ற ஹோர்மோனின் வேலை. கோர்ட்டிசோலும் ஒரு அழுத்த ஹோர்மோன்தான், ஆனால் கொஞ்சம் நிதானமானது. நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்தில் கிடக்கும், விடியுமுன்பே ஏறத் தொடங்கும். கண் விழித்த 30, 45 நிமிடத்துக்குள் இன்னொரு தாவல் தாவும். விழித்தபோது இருந்ததைவிட ஒன்றரை மடங்காவதும் வழமைதான். மூளையின் ஒரு பகுதியான ஹைப்போதலமஸ், அதன் கீழிருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்ல, அது சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பிக்குச் சொல்லும். நோயல்ல, உடம்பு அன்றைய பாட்டுக்குத் தயாராகிறது. பாரமான நாள் என்று மனம் எண்ணினால் தாவல் கூடலாம். லீவு நாளைவிட வேலை நாளில் கூடுதலாக இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். பரீட்சையில் மட்டும் முடிவுகள் ஒத்துப்போகவில்லை. சில ஆய்வுகளில் கூடியது, சிலவற்றில் குறைந்தே போனது.

உப்புவெளி, ஒரு அம்மா: மகனுக்கு இரத்தம் எடுத்துப் பார்க்கட்டா?

வேண்டாம் அக்கா. ஊசியைக் கண்ட பயத்திலேயே கோர்ட்டிசோல் ஏறக்கூடும். ஆய்வுகளில் உமிழ்நீரில்தான் பார்ப்பார்கள்: விழித்தவுடன் கட்டிலிலேயே ஒன்று, அப்புறம் 30, 45 நிமிடத்தில். அதுவரை பல் தீட்டுவதோ தேத்தண்ணியோ கூடாது. பத்து நிமிடம் புரண்டு கிடந்துவிட்டு "இப்பதான் எழும்பினேன்" என்றால் கணக்கே பிழை. இன்னொன்று: ஆஸ்துமாவுக்கு ஸ்டீரொயிட் (கோர்ட்டிசோலைப் போன்ற மருந்து) எடுக்கும் பிள்ளை என்றால், "ஹோர்மோனைக் குழப்பும்" என்று யாரோ சொன்னதற்காக மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: நாங்கள் நாலு மணிக்கு எழும்பிப் படித்துத்தான் பாஸ் பண்ணினோம். இப்போது எல்லாத்துக்கும் ஹோர்மோன் சாட்டு.

சேர், நீங்கள் எத்தனை மணிக்குப் படுத்தீர்கள்? இன்றைய பிள்ளை இரவு ரியூசன் முடித்து, போனையும் நோண்டிவிட்டுப் பன்னிரண்டரைக்குச் சாய்கிறது.

மூதூர்: சேர் சொல்வதே சரி. விடியக் காலைதான் மூளையில் ஏறும்.

ஏறட்டும். நாலுக்கு எழுப்புகிறவர் ஒன்பதுக்குப் படுக்க விடுவாரா?

ஆசிரியர்: ஒன்பதுக்குப் படுத்தால் பாடம் எப்போது முடிப்பது?

மூன்றரை மணித்தியால நித்திரையில் எதை முடிப்பது சேர்? படித்தது மூளையில் படிய நித்திரை வேண்டும். எனக்குச் சண்டை உங்கள் நாலு மணியோடு இல்லை, அந்தப் பன்னிரண்டரையோடு.

நிலாவெளி: பிளேன்ரீ கோர்ட்டிசோலைக் கூட்டுமா?

கொஞ்சம் கூட்டும், தினம் குடிப்பவருக்கு அதைவிடக் குறைவு. நடுச்சாமக் கோப்பையை மட்டும் விடுங்கள், நித்திரையைக் கெடுக்கும்.

பெயர் சொல்லாதவர்: கோர்ட்டிசோலைக் குறைக்கக் குளிசை உண்டா?

பரீட்சைப் பயத்துக்கு என்று எதுவும் இல்லை. இதையே வேறு சொற்களில் கேட்ட மற்றவர்களுக்கும் இதே பதில். திரும்பவும் சொல்கிறேன், ஸ்டீரொயிட்டைத் தன்பாட்டில் நிறுத்த வேண்டாம்.

இன்னொருவர்: இம்முறை வெட்டுப்புள்ளி எவ்வளவு?

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவைக் கேளுங்கள் தம்பி.