கட்டைவிரல் அடிமூட்டு ஆபரேஷன் முடிந்து 3 மாதம், பிடியில் வலு இல்லை

கட்டைவிரல் அடிமூட்டு ஆபரேஷன் முடிந்து 3 மாதமாகியும் பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் வைத்து ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ட்ரபீசியம் எலும்பை (கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டில் இருக்கும் சிறிய எலும்பு) எடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் பொதுவாக வலிதான் முதலில் குறையும், பிடியின் வலு திரும்ப 6 மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும்.

எலும்பு இருந்த இடத்தில் தழும்புத் திசு வளர்ந்து இறுகித்தான் இனி கட்டைவிரலைத் தாங்க வேண்டும். போதாக்குறைக்கு, வாரக்கணக்கில் கட்டுக்குள் கிடந்த தசைகளும் மெலிந்து போயிருக்கும். பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஒன்று செய்து பாருங்கள். கட்டைவிரல் நுனியாலும் ஆள்காட்டி விரல் நுனியாலும் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் கவனியுங்கள். இரண்டு விரலும் வட்டமாக நின்றால் நல்லது, சொல்லிக்கொடுத்த பயிற்சியைத் தொடருங்கள். கட்டைவிரலின் நடு மூட்டு (நகத்தை ஒட்டியது அல்ல, அதற்குக் கீழே உள்ளது) பின்பக்கமாகச் சரிந்தால் பிடியின் வலு அங்கேயே போய்விடும். அதை பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள், ஸ்பிளின்ட் (மூட்டைத் தாங்கிப் பிடிக்கும் பட்டை) தேவைப்படலாம்.

ஆனால் வலி நாளுக்கு நாள் கூடினாலோ, தழும்பைத் தொட்டதும் கரண்ட் அடித்ததுபோல் சுரீரென்றாலோ, கை சிவந்து வீங்கினாலோ காத்திருக்க வேண்டாம், ஆபரேஷன் செய்த டாக்டரை உடனே பாருங்கள்.