'நீங்கள் நெய்யுங்கள், நாங்களே வாங்கிக்கொள்கிறோம்' என்றால் நம்பலாமா?

கேள்வி: 48,000 ரூபாய் கட்டினால் சிறு தறியும் இரண்டு நாள் பயிற்சியும் தருவார்களாம். வீட்டிலேயே பருத்தி பாத் மேட் (குளியலறை மிதியடி) நெய்து கொடுத்தால் அத்தனையையும் அவர்களே எடுத்துக்கொள்வார்களாம். இந்த வாரத்துக்குள் கட்டினால் தள்ளுபடி என்கிறார்கள். தறியின் படத்தை இணைத்திருக்கிறேன். கட்டலாமா?
— வாசகி, திண்டுக்கல்

பதில்: கட்டாதீர்கள். தள்ளுபடி போனால் போகட்டும்.

சென்னிமலை, கரூர் பக்கம் வீட்டில் தறி போட்டு நெய்கிறவர்களை விசாரித்துப் பாருங்கள். வேலையைப் பிரித்துக் கொடுக்கும் மாஸ்டர் வீவரோ, நெசவாளர் கூட்டுறவுச் சங்கமோ பாவும் (நீளவாட்டு நூல்) ஊடை நூலும் (குறுக்கு நூல்) கொடுப்பார்கள். நெய்து கொடுத்தால் உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வரும். வேலை கொடுக்கிறவர்தான் நெய்கிறவருக்குப் பணம் தருவார். இங்கே நீங்கள் அவருக்குத் தருகிறீர்கள். தறியை விற்ற அன்றைக்கே அவருக்கு லாபம் கைக்கு வந்துவிடும். அதன்பின் உங்கள் மிதியடி விலைபோனால் என்ன, போகாவிட்டால் என்ன?

ஒப்பந்தத்தில் 'தரமாக இருந்தால் எடுத்துக்கொள்வோம்' என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். தரம் என்றால் எத்தனை அங்குலம், எத்தனை கிராம், ஓரம் எப்படி இருக்க வேண்டும் என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். நூல் யார் பொறுப்பு, கூலி எத்தனை நாளில் வரும், தரமில்லை என்று தள்ளிய உருப்படி யாருக்கு என்பதும் எழுத்தில் வேண்டும். ஏற்கெனவே அவர்களுக்கு நெய்து கொடுக்கும் இரண்டு மூன்று பேரின் முகவரி வாங்கி, நேரில் போய்ப் பேசுங்கள். முகவரி தர மறுத்தால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளலாம்.

அடுத்தது தறி. படத்தில் இருப்பது மேசைமேல் வைக்கிற சிறு தறி. துண்டு, மேல்துணி போன்றவை நெய்ய நல்லதுதான். மிதியடிக்குப் பாவை விறைப்பாக இழுத்துக் கட்டி, தடித்த ஊடை போட்டு, ஓங்கி அடிக்க வேண்டும். அப்போதுதான் இழை நெருங்கி உட்காரும். இலேசான சட்டம் அந்த அடியைத் தாங்காது. நெசவு தளர்ந்துவிடும், நாலு துவைப்பில் ஊடை விலகிப் பாவு நூல் வெளியே தெரியும். 20-க்கு 30 அங்குலத்தில் கெட்டியான மிதியடி வேண்டுமென்றால் அரைக் கிலோவை ஒட்டி நூல் இறங்கும். கூலிக் கணக்கு போடும்போது இதை மறக்காதீர்கள்.

உங்களுக்கு விற்கப்போகும் அதே மாதிரித் தறியில், உங்கள் கண்ணெதிரே ஒரு மிதியடி நெய்து காட்டச் சொல்லுங்கள். ஓரத்தைக் கவனியுங்கள். கைப்பழக்கம் உள்ளவர் ஊடையை விறைப்பாக இழுக்க மாட்டார். வில்லாகச் சற்று வளைத்துவிட்டு, பிறகுதான் அடிப்பார். இழுத்து நெய்தால் இரண்டு ஓரமும் உள்வாங்கி, 20 அங்குலத்தில் தொடங்கிய துணி 18 அங்குலத்தில் போய் நிற்கும். இந்தக் கை இரண்டு நாள் பயிற்சியில் வராது. புதிதாகக் கற்றவரின் முதல் உருப்படிகளில் ஓரம் கோணலாகத்தான் இருக்கும் என்பது தறி விற்கிறவருக்கும் தெரியும்.

நெசவு கற்கும் ஆசையை மட்டும் விட்டுவிடாதீர்கள். மத்திய அரசின் நெசவாளர் சேவை மையங்கள் சென்னை, காஞ்சிபுரம், சேலத்தில் இருக்கின்றன. பயிற்சி பற்றி அங்கே கேளுங்கள். தறி வாங்குவதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிப் பணம் கட்டி ஏமாந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. 'தொழிலுக்கு வாங்கியதால் நுகர்வோர் ஆணையம் போக முடியாது' என்று விற்றவர் மிரட்டலாம். சுயதொழில் செய்து பிழைப்பதற்கென்றே ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. ரசீது, விளம்பரம், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: ஆன்லைனில் 'கைத்தறி பாத் மேட்' வாங்கினேன். துவைத்ததும் 30 அங்குல நீளம் 28 ஆகிவிட்டது. சிவப்புச் சாயம் டைல்ஸில் இறங்கிவிட்டது. 'பருத்தி அப்படித்தான்' என்கிறார் விற்றவர்.
— வாசகர், திருச்சி

பதில்: சுருக்கத்துக்கு அவர் சொல்வதை ஏற்கலாம். கெட்டிப் பருத்தி முதல் துவைப்பில் அந்த அளவு சுருங்கும். வாங்கும்போதே துவைத்த பின் அளவு என்ன என்று கேட்க வேண்டும். சாயம் போவதற்குப் பருத்தியைக் குறை சொல்லக் கூடாது. சாயமிட்டதும் அலசியதும் சரியில்லை. ஈர வெள்ளைத் துணியால் தேய்த்து, சிவப்பு ஒட்டுவதைப் படம் எடுத்து அனுப்பி, பணத்தைத் திரும்பக் கேளுங்கள். இணங்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள்.

கைத்தறி என்பதற்கு 2006 முதல் மத்திய அரசின் 'ஹேண்ட்லூம் மார்க்' முத்திரை இருக்கிறது. முத்திரை இல்லாததாலேயே அது கைத்தறி இல்லை என்றாகிவிடாது. எத்தனையோ சிறு நெசவாளர்கள் அதை வாங்கியிருக்க மாட்டார்கள். ஆனால் எந்த ஊரில், யார் நெய்தது என்று கேட்டால் விற்கிறவருக்குச் சொல்லத் தெரிய வேண்டும்.

கேள்வி: வயதான அம்மா இருக்கும் வீட்டில் ரப்பர் அடிப்பாகம் உள்ள பாத் மேட் வாங்கலாமா?
— வாசகி, மதுரை

பதில்: ஈரத் தரையில் வெறும் பருத்தி மிதியடி வழுக்கும், அதனால் அடியில் பிடிப்பு கட்டாயம் வேண்டும். ஒட்டிய ரப்பர் வெயிலிலும் வெந்நீரிலும் நாளடைவில் உதிர்ந்துவிடும். கைத்தறி மிதியடியும், தனியாக விற்கும் ரப்பர் வலையும் வாங்கி, வலையைக் கீழே விரியுங்கள். மிதியடியைத் துவைத்துக் காயவைப்பதும் சுலபம். அம்மா நடப்பதற்கு முன் நீங்கள் ஈரக் காலோடு ஏறி நின்று, நகர்கிறதா என்று பாருங்கள்.