மாதம் தவறாமல் சளி, காய்ச்சல்: பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி இல்லையா?

கேள்வி: டாக்டர், நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். என் பையனுக்கு 2 வயது 2 மாதம், எடை 12 கிலோ. ஜூலையில் நான் ஃபேக்டரி வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து டவுனில் ஒரு பாலர் காப்பகத்தில் விடுகிறேன். அதற்குள் 5 முறை சளி, காய்ச்சல். இப்போது மழை வேறு. 9 நாளாக இருமுகிறான். காய்ச்சல் விட்டுவிட்டது, சாப்பிடுகிறான், விளையாடுகிறான். ஒவ்வொரு முறையும் கிளினிக்கில் நாலு போத்தல் மருந்து. "நீ வேலைக்குப் போகப்போய்த்தான் பிள்ளைக்கு இந்த நிலை" என்கிறார் மாமியார். அவனுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவா? விட்டமின் கொடுக்கலாமா? வேலையை விட்டுவிடட்டுமா?

பதில்: உங்கள் மனதை அரிக்கும் கேள்விக்கே முதலில் வருகிறேன். பையனுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு என்று நினைக்க நீங்கள் எழுதியதில் ஒரு காரணமும் இல்லை. இந்த வயதில் ஆண்டுக்கு 6 முதல் 8 முறை சளி பிடிப்பது சாதாரணம். காப்பகத்துக்குப் போகும் முதல் வருடத்தில் அது 10, 12 முறைகூட ஆகும். ஒரு சளி ஓய ஒரு வாரம், பத்து நாள் ஆகும். இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுக்கும். 10 சளி, ஒவ்வொன்றும் 2 வாரம் என்று கணக்குப் போட்டால் வருடத்தில் ஏறக்குறைய 5 மாதம் மூக்கு ஒழுகியபடிதான் இருக்கும். எப்போது பார்த்தாலும் பிள்ளைக்குச் சளி என்று தோன்றுவது இதனால்தான்.

சளி தரும் வைரஸ்கள் 200-க்கும் மேல். அதில் ரைனோவைரஸ் என்ற ஒன்றில் மட்டுமே 100-க்கும் அதிகமான வகைகள். ஒரு வகையை உடம்பு அடையாளம் கண்டு பழகினாலும் அடுத்தது புதிதாகவே வந்து நிற்கும். ஜூன் வரை உங்கள் பையன் வீட்டில் நாலு முகத்தைத்தான் பார்த்திருப்பான். ஜூலையில் ஒரே நாளில் இருபது பிள்ளைகளோடு ஒரே விளையாட்டுச் சாமானை வாயில் வைக்க ஆரம்பித்திருப்பான்.

இது புதிய கதையும் இல்லை. அந்தக் காலத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் ஆயாக்கொட்டகை இருந்தது. பால்மரம் வெட்டப் போகிற அம்மாமார் இருட்டோடு பிள்ளையைத் தூக்கிவந்து சேலைத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போவார்கள். ஒரு பிள்ளை இருமினால் ஒரு வாரத்தில் கொட்டகையே இருமும். உங்கள் மாமியாருக்கு அந்த நினைவு இருக்கலாம். சண்டையாக இல்லாமல், ஒரு நாள் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். வேலைக்குப் போன அம்மாவால் பிள்ளைக்குச் சளி வந்தது என்றால் நம் தோட்டங்களில் வளர்ந்த எல்லோருக்கும் அப்படி வந்ததுதான். அந்தப் பழியை நீங்கள் சுமக்காதீர்கள்.

சரி, மழைக்கு என்ன பங்கு? குளிர் நாடுகளில் பிள்ளைகளின் சளிக்குப் பனிக்காலத்தைக் காரணம் சொல்வார்கள். மலேசியாவில் நமக்குப் பனியே கிடையாது. ஆனாலும் மூச்சுக்குழலைத் தாக்கும் ஆர்எஸ்வி என்ற வைரஸ் இங்கும் பெரும்பாலும் வருடக் கடைசி மாதங்களில்தான் அதிகம் பரவுகிறது. மழை பெய்தால் ஜன்னலை அடைத்துவிடுகிறோம், பிள்ளைகள் ஒரே அறையில் அடைந்து கிடக்கிறார்கள். கிருமிக்கு அது போதும். தலைக்கு ஊற்றியதாலோ, வாழைப்பழமோ தயிரோ கொடுத்ததாலோ சளி வருவதில்லை. அவற்றை நிறுத்த வேண்டாம்.

இனி நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று. எத்தனை முறை சளி வந்தது என்று எண்ணுவதைவிட மூச்சை எண்ணத் தெரிந்திருப்பது முக்கியம். பிள்ளை தூங்கும்போது, அல்லது அழாமல் மடியில் இருக்கும்போது, சட்டையைத் தூக்கிவிட்டு வயிற்றைப் பாருங்கள். வயிறு ஒரு முறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. கைத்தொலைபேசியில் ஒரு நிமிடம் வைத்து முழு நிமிடமும் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் தப்பாகும். ஒன்று முதல் ஐந்து வயது வரை நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் போனால் அது வேகமான மூச்சு, அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே சதை உள்ளே குழிந்தால், உதடு நீலம் பூத்தால், தண்ணீர்கூடக் குடிக்காமல் துவண்டு கிடந்தால், வலிப்பு வந்தால், 8 மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருந்தால் காலை வரை காத்திருக்காதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

காய்ச்சல் 3 நாளைத் தாண்டினால் இரத்தம் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். நம் ஊரில் டிங்கியை மறக்க முடியாது. காய்ச்சல் இறங்கிய பிறகு ஓயாத வாந்தி, வயிற்றுவலி, கைகால் சில்லிட்டுப் போவது இருந்தால் அதுதான் ஆபத்தான கட்டம். டிங்கியோ என்று சந்தேகம் இருக்கும்வரை ஐபுபுரோஃபன் கொடுக்கவே கூடாது, ஆசனவாயில் வைக்கும் காய்ச்சல் மருந்தில் டிக்லோஃபெனாக் இருந்தால் அதையும் வைக்கக் கூடாது. பாரசிட்டமால் மட்டும் போதும்.

அந்த நாலு போத்தலுக்கு வருகிறேன். வீட்டில் உள்ள மருந்துகளையெல்லாம் எடுத்து வரிசையாக மேசை மேல் வையுங்கள். முதலில் பாரசிட்டமால். அது இங்கே 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் என்றும், 5 மில்லிக்கு 250 மில்லிகிராம் என்றும் இரண்டு விதமாகக் கிடைக்கிறது. ஒரே நிறம், ஒரே வாசனை, பலம் மட்டும் இரண்டு மடங்கு. 12 கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 120 முதல் 180 மில்லிகிராம் சரி. அதாவது முதல் வகையில் 5 முதல் 7.5 மில்லி, இரண்டாம் வகையில் 2.5 முதல் 3.5 மில்லி. பாட்டி ஒரு போத்தலிலும் நீங்கள் மற்றொன்றிலும் ஊற்றினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தூர வையுங்கள். ஒரு வேளைக்கும் அடுத்ததற்கும் 4 முதல் 6 மணி நேர இடைவெளி வேண்டும், ஒரு நாளில் 4 வேளைக்கு மேல் வேண்டாம். உடம்பு சுட்டாலும் பிள்ளை ஓடி விளையாடினால் மருந்தே தேவையில்லை.

மற்ற போத்தல்களில் பெரும்பாலும் இருமல் மருந்தும் மூக்கடைப்பு மருந்தும்தான் இருக்கும். இரண்டு வயதுக்குள் அவற்றைக் கொடுக்கவே கூடாது. அதற்கு மேலும் பெரிய பலன் கிடையாது, தூக்கம்தான் வரும். ஆன்டிபயாட்டிக் வைரஸ் சளியை ஒரு நாள்கூடக் குறைக்காது. வயிற்றைக் கெடுக்கும், உண்மையில் தேவைப்படும் நாளில் வேலை செய்யாமல் போகும். சீக்கிரம் குணமாகி காப்பகத்துக்கு அனுப்ப வேண்டுமே என்ற உங்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் டாக்டரிடம் "ஆன்டிபயாட்டிக் கொடுங்கள்" என்று கேட்காதீர்கள், "ஆன்டிபயாட்டிக் உண்மையிலேயே வேண்டுமா?" என்று கேளுங்கள்.

இரவு இருமலுக்கு அரை முதல் ஒரு தேக்கரண்டி தேன் கொடுக்கலாம். ஒரு வயதுக்குள் உள்ள பிள்ளைக்குத் தேன் கூடவே கூடாது. மூக்கு அடைத்திருந்தால் மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு போதும். வேது பிடிக்க வேண்டாம். கொதிநீர் கவிழ்ந்து தொடை வெந்த பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன், அந்தச் சளி தானாகவே போயிருக்கும். குளிப்பாட்டியபின் காட்டும் சாம்பிராணிப் புகை, கொசுவர்த்திச் சுருள், வீட்டுக்குப் பின்னால் சருகு கொளுத்துவது, அப்பாவின் சிகரெட், வேப், எல்லாமே பிள்ளையின் மூச்சுக்குழலுக்கு ஒன்றுதான். மாமியாரிடம் சாம்பிராணியைச் சாமி அறையோடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கொசுவுக்கு வலை கட்டுங்கள்.

விட்டமின் கேட்டிருந்தீர்கள். சாப்பிடுகிற பிள்ளைக்குத் தேவையில்லை, அது சளி வராமல் தடுப்பதும் இல்லை. அந்தக் காசில் முட்டை, மீன், ஈரல், கீரை வாங்குங்கள். பால் ஒரு நாளைக்கு அரை லிட்டர் போதும். போத்தல் போத்தலாகப் பாலும் மைலோவும் குடிக்கிற பிள்ளைக்குச் சோறு இறங்காது, இரும்புச் சத்தும் குறையும்.

அதைவிட முக்கியம் தடுப்பூசி. பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். 4, 6, 15-ஆம் மாதத்தில் நிமோனியா தரும் நிமோகாக்கல் கிருமிக்கான ஊசி, 18-ஆம் மாதத்தில் ஆறு நோய்களுக்கான ஊசியின் கடைசித் தவணை. இரண்டும் அரசாங்க கிளினிக்கில் இலவசம். நிமோகாக்கல் 2020 டிசம்பரில்தான் நம் அட்டவணையில் சேர்ந்தது, மூத்த பிள்ளைகளின் அம்மாமார் அதைப் பற்றிக் கேள்விப்படாமல் இருக்கலாம். 15-ஆம் மாதம் காய்ச்சல் என்று திருப்பி அனுப்பி, பிறகு மறந்தே போன பிள்ளைகள் பலர். ஃப்ளூ ஊசி தனியார் கிளினிக்கில் காசு கொடுத்துப் போட வேண்டும். முடிந்தால் போடுங்கள். முதல் முறை என்றால் ஒரு மாத இடைவெளியில் இரண்டு ஊசி.

காப்பகத்தில் ஒரு நாள் சற்று முன்னதாகவே போய் நின்று பாருங்கள். முகம் துடைக்க எல்லாப் பிள்ளைக்கும் ஒரே துண்டா? சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கழுவுகிறார்களா, அல்லது கைக்கு ஒரு சொட்டு ஜெல்லோடு சரியா? கைகால் வாய்ப்புண் நோயின் வைரசுக்கு அந்த ஜெல் அவ்வளவாக வேலை செய்யாது, சோப்புதான் வேண்டும். பையனுக்குத் தனித் துண்டு, தனிக் கோப்பை கொடுத்து அனுப்புங்கள். காய்ச்சல் விட்டு ஒரு நாள் ஆன பிறகே அனுப்புங்கள். வாய்ப்புண் நோய் என்றால் கொப்புளம் காயும்வரை வீட்டில் வைத்திருங்கள்.

சில பிள்ளைகளை மட்டும் நன்றாகச் சோதிக்க வேண்டியிருக்கும். ஒரே வருடத்தில் இரண்டு முறை நிமோனியா, நான்கு முறையோ அதற்கு மேலோ காதில் சீழ், ஏறாத எடை, சளி இல்லாத நாளிலும் இரவு இருமல் அல்லது வீசிங், அப்பா அம்மாவுக்கு ஆஸ்துமா. இவற்றில் ஒன்று இருந்தாலும் சொல்லுங்கள்.

வேலையை விட வேண்டாம். இப்போது வீட்டில் வைத்துக்கொண்டால் இந்தச் சளியெல்லாம் நாலு வயதில் பாலர் பள்ளிக்குப் போகும்போது வரிசையாக வரும். சிறு வயதில் காப்பகத்துக்குப் போன பிள்ளைகளுக்குப் பள்ளிப் பருவத்தில் சளி குறைவாகவே வருகிறது. ஆனால் லீவு எடுப்பது உங்கள் தலையில் மட்டும் விழக் கூடாது. ஒரு முறை நீங்கள், அடுத்த முறை உங்கள் கணவர்.

இந்த இருமல் மூன்று வாரத்தைத் தாண்டினால், அல்லது விட்ட காய்ச்சல் திரும்ப வந்தால், பையனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். சுகாதாரப் புத்தகத்தையும் மேசை மேல் வைத்த அந்தப் போத்தல்களையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.