3ஜி நிறுத்திய பிறகு டேட்டா ஓடுகிறது, கால் மட்டும் போகவில்லை: பதில்

3ஜி ஓடிய 2100 பேண்ட் (மெகாஹெர்ட்ஸில் சொல்லும் அலைவரிசை) போனதால்தான் கால் போகவில்லையா என்று கேட்டீர்கள். அந்த பேண்ட் மேல் குறை இல்லை. உங்கள் போனில் வோல்ட்டி (VoLTE, 4ஜி வழியாகவே கால் பேசும் வசதி) ஓடவில்லை.

2100 மெகாஹெர்ட்ஸ் எங்கும் போய்விடவில்லை. 3ஜியை எடுத்துவிட்டு அதே இடத்தில் 4ஜியை ஏற்றியிருப்பார்கள். இதுவரை கால் போட்டதும் போன் சத்தமில்லாமல் 3ஜிக்கு இறங்கிப் பேசியது. 2ஜியும் இல்லையென்றால் இப்போது இறங்க இடமில்லை.

கால் போடும்போது மேலே 4ஜி குறியைப் பாருங்கள். அது மறைந்து கால் அறுந்தால் இதேதான். சிம் செட்டிங்கில் வோல்ட்டியை ஆன் செய்து போனை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அந்த சுவிட்சே இல்லையா? வேறு நாட்டு மாடலாக இருக்கலாம். போன் ஏற்கும் பேண்ட் பட்டியல் நெட்வொர்க்கோடு பொருந்தினால் மட்டும் போதாது, நெட்வொர்க்கும் அந்த மாடலை வோல்ட்டிக்கு ஏற்க வேண்டும். அப்புறம், சரியாகும்வரை அவசர அழைப்புக்கு இந்த போனை நம்பாதீர்கள்.