பிளஸ் டூ வந்துவிட்டால் நன்றாகப் படிக்கும் பிள்ளை விளையாட்டை விட்டுவிட வேண்டுமா?

கேள்வியில் இருப்பதை வைத்துப் பார்த்தால், உங்கள் மகள் பத்தாவதில் பள்ளி முதல் மார்க், பதினொன்றிலும் கணக்கில் அவள்தான் முதல், ஹாக்கி அணியிலும் இருக்கிறாள். இப்போது பிளஸ் டூ என்றதும் "இனிமேல் கிரவுண்டுக்கு அனுப்பாதீங்க" என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள், நீங்களும் பாதி மனதாகத் தலையாட்டிவிட்டு வந்து இங்கே கேட்கிறீர்கள். அப்பாவா அம்மாவா தெரியவில்லை, அப்பா என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். நிறுத்தாதீர்கள். அவளே வேண்டாம் என்று சொன்னால் அது வேறு விஷயம்.

நான் 2011-12இல் பிளஸ் டூ படித்தவள், கோவில்பட்டிக்குப் பக்கத்து ஊர். அந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, தீப்பெட்டி ஆபீஸ், கடலை மிட்டாய், அப்புறம் ஹாக்கி, இந்த மூன்றும் இல்லாமல் எங்கள் ஊர்க்கதை கிடையாது. கோவில்பட்டி மாரீஸ்வரன் 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடியபோது எங்கள் தெருவில் இருந்த சந்தோஷத்தை இன்றைக்கும் நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. ஆனால் அதே ஊரில்தான், நன்றாகப் படிக்கிற பெண் பிள்ளை பிளஸ் டூவில் ஸ்டிக்கைத் தொட்டால் எல்லாருக்கும் பதறும்.

அப்போது மொத்தம் 1200 மார்க். கணக்கு, இயற்பியல், வேதியியல் எல்லாம் ஒவ்வொன்றும் 200. மாநில ரேங்க், மாவட்ட ரேங்க் எல்லாம் இருந்த காலம். ரிசல்ட் அன்றைக்குக் காலையில் டிவி கேமராவுக்கு முன்னால் ரேங்க் வாங்கிய பிள்ளை வாயில் அப்பா அம்மா லட்டு ஊட்டுவார்கள், அடுத்த நாள் பேப்பரில் "கலெக்டர் ஆவதே லட்சியம்" என்று வரும். 2017இல் அந்த ரேங்க் அறிவிப்பை நிறுத்தினார்கள், நல்ல காரியம். அதற்கப்புறம் மொத்த மார்க் 600 ஆனது. ஆனால் பள்ளிக்கூடங்கள் மாறிவிட்டதா என்றால், உங்கள் கேள்வியே பதில் சொல்லிவிட்டது.

எங்கள் வகுப்பில் நாலைந்து பேரைத் தனியாகப் பிரித்து "சென்டம் பேட்ச்" என்று பெயர் வைத்திருந்தார்கள், சென்டம் என்றால் ஒரு பாடத்தில் முழு மார்க். காலையில் எட்டு மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் ஸ்டடி. பி.டி. பீரியட் என்று டைம்டேபிளில் இருக்கும், ஆனால் மேத்ஸ் டீச்சர்தான் உள்ளே வருவார். கம் புக் என்கிற கேள்வி பதில் புத்தகத்தில் இருக்கிற ஒரு மார்க் கேள்வி அத்தனையும் மனப்பாடம், எந்தப் பாடத்தில் எத்தனை பத்து மார்க் வரும் என்று ப்ளூ பிரிண்டும் மனப்பாடம். நான் அந்த பேட்சில் இருந்தேன், ஹாக்கி அணிக்கும் நான்தான் கேப்டன். காலாண்டுத் தேர்வு வரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. குறுவட்டப் போட்டியில் ஜெயித்து, மாவட்டத்திலும் ஜெயித்து, மாநிலப் போட்டிக்குப் போகிறோம் என்று ஆனதும்தான் தலைமை ஆசிரியை என் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

அப்பா தீப்பெட்டி ஆபீசில் வேலை. அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்து நின்றார். "சென்டம் வாங்கவேண்டிய பிள்ளை கம்பைத் தூக்கிட்டு அலையுது, நாளைக்கு மார்க் குறைஞ்சா எங்களைச் சொல்லக்கூடாது" என்று தலைமை ஆசிரியை சொன்னார். அப்பா நிறையப் பேசுகிற ஆள் இல்லை. "ஆடிட்டு வரட்டும் டீச்சர், வீட்டுக்கு வந்து படிக்கத்தான் செய்யுது" என்று மட்டும் சொன்னார். எங்கள் பி.டி. டீச்சர் பக்கத்தில் நின்றுகொண்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவது என் பொறுப்பு என்று எழுதியே கொடுத்தார். அந்த இரண்டு பேரும் அன்றைக்குத் தலையாட்டிவிட்டு வந்திருந்தால் நான் இந்தப் பதிலை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அதனால்தான் உங்களிடம் இவ்வளவு உரிமையாகப் பேசுகிறேன்.

மாநிலப் போட்டி திருச்சிப் பக்கம். அரையாண்டுத் தேர்வுக்குக் கொஞ்சம் முன்னால். அரசுப் பேருந்தில் பின் சீட்டு முழுக்க நாங்கள், காலுக்கடியில் ஸ்டிக், மடியில் கெமிஸ்ட்ரி. கோல்கீப்பர் பிள்ளை காமர்ஸ் குரூப், அவள் கேள்வியை வாசிக்க நான் விடை சொல்லிக்கொண்டே வந்தேன், மதுரை தாண்டுவதற்குள் அவளுக்கே சால்ட் அனாலிசிஸ் பாதி வந்துவிட்டது. அங்கே போய் ஒரு அரசுப் பள்ளி வகுப்பறையில் பெஞ்சைச் சேர்த்துப் போட்டுப் படுத்தோம். கரிசல் தரையில் ஆடிப் பழகிய எங்களுக்கு அந்த கிரவுண்டில் பந்து சறுக்கிக்கொண்டு போனது, முதல் பாதியிலேயே இரண்டு கோல் வாங்கிவிட்டோம். இரண்டாம் பாதியில் பெனால்டி கார்னரில் ஒன்று போட்டோம். கடைசி நிமிடங்களில் இன்னொரு கார்னர் கிடைத்தது, நான் அடித்தது கம்பத்தில் பட்டு வெளியே போனது. காலிறுதியோடு ஊருக்குத் திரும்பினோம். கோப்பை கீப்பை ஒன்றும் கிடையாது. ஆனால் ஆட்டம் முடிந்ததும் ஜெயித்த அணியின் கேப்டன் வந்து, "உங்க டிஃபென்ஸ் மாதிரி இந்த வருஷம் நாங்க பார்க்கல" என்று கைகொடுத்தாள் பாருங்கள், பிளஸ் டூ வருடத்தில் யாரோ எனக்குச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை, மார்க்கைப் பற்றி இல்லாதது, அதுதான்.

சரி, மார்க் என்ன ஆச்சு என்பதுதானே உங்களுக்கு வேண்டும். மொத்தம் 1108. கணக்கில் 194, இயற்பியலில் 186, வேதியியலில் 191, பொறியியல் கட்ஆஃப், அதாவது கணக்கு மார்க்கில் பாதியும் மற்ற இரண்டிலும் கால் பங்கும் சேர்த்து, 200க்கு 191.25. சென்டம் வரவில்லை. ஒரு ஆறு மார்க் கணக்கு போச்சு, ஹாக்கிதான் அதைத் தின்றது என்று பள்ளியில் சொன்னார்கள். அதே சென்டம் பேட்சில், ஒரு வருடம் முழுக்க கிரவுண்ட் பக்கமே திரும்பாத மூன்று பேருக்கும் சென்டம் வரவில்லை. அதை எது தின்றது என்று யாரும் கேட்கவில்லை.

இங்கே ஒருவர் வந்து "அப்போ விளையாடினா மார்க் கூடும்னு சொல்றீங்களா" என்று எழுதுவார், எனக்குத் தெரியும். நான் அப்படிச் சொல்லவில்லை. கூடவும் கூடாது, குறையவும் குறையாது, சாயங்காலம் ஒரு மணி நேரத்தில் பெரிதாக ஒன்றும் மாறாது என்றுதான் சொல்கிறேன். இன்னொருவர் "இப்போ நீட் இருக்கு, உங்க காலம் மாதிரி இல்ல" என்பார். உண்மைதான். எங்களுக்கு நுழைவுத் தேர்வே கிடையாது, மருத்துவத்துக்கும் பிளஸ் டூ மார்க்தான். உங்கள் மகள் மருத்துவத்துக்குப் போக நினைத்தால் கணக்கே வேறு, நேரம் அவளுக்கு உண்மையிலேயே போதாது, அவளை உட்காரவைத்துப் பேசி அவளே முடிவெடுக்கட்டும். ஆனால் நீங்கள் எழுதியதில் பொறியியல் என்றுதான் இருக்கிறது.

ஃபேர்வெல் நாளில் எல்லாரும் ஸ்லாம் புக்கை மாற்றிக்கொண்டோம், அதில் "எதிர்கால லட்சியம்" என்று ஒரு கட்டம். எங்கள் பேட்சில் பாதிப் பேர் டாக்டர், இரண்டு பேர் கலெக்டர். பள்ளி முதல் மார்க் வாங்கிய பெண்ணுக்கு மருத்துவ கட்ஆஃபில் ஒரு மார்க்குக்கும் குறைவாகத்தான் இடம் போச்சு. அவள் அந்த வருடம் முழுக்க வீட்டை விட்டு வெளியே வரவில்லை, எங்கள் யார் போனையும் எடுக்கவில்லை. இத்தனைக்கும் அவள் பேச்சுப்போட்டியில் மேடை ஏறினால் கைதட்டல் அடங்க நேரமாகும், அதைப் பதினொன்றாவதிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். படிப்பைத் தவிர எல்லாவற்றையும் அவளிடமிருந்து எடுத்துவிட்டு, அந்தப் படிப்பிலும் நினைத்தது கிடைக்காதபோது அவள் எதைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பாள்? இப்போது கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுக்கிறாள், நன்றாக இருக்கிறாள், ஆனால் அந்த ஒரு வருடத்தை யார் திருப்பிக் கொடுப்பார்கள்? என்.எஸ்.எஸ். முகாமில் ஏழு நாள் எங்களுக்கெல்லாம் சமைத்துப்போட்ட இன்னொருத்தி நர்சிங் படித்துவிட்டு இன்றைக்கு ஒரு வார்டையே நடத்துகிறாள். நான் திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் சிவில் முடித்து சைட்டில் இருக்கிறேன். முதல் வேலையில் என்னைவிட வயதில் மூத்த ஐம்பது ஆண்களிடம் வேலை வாங்க வேண்டியிருந்தது. மேஸ்திரி குரலை உயர்த்தினால் நான் பயப்படவில்லை, வெயிலும் எனக்குப் புதிது இல்லை. அது கம் புக்கில் இருந்து வந்தது இல்லை.

பொறியியல் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது, கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும் எழுதிவிடுகிறேன். 2010இல் முதல் பட்டதாரி சலுகை கொண்டுவந்தார்கள், குடும்பத்தில் முதலில் பட்டம் படிக்கப் போகிறவருக்குக் கல்விக் கட்டணச் சலுகை. எங்கள் வீட்டில் தாத்தா பாட்டியில் தொடங்கி யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. ஆனால் பெரியப்பா மகன் பி.காம். முடித்திருந்தார், அவர் பெயர் அப்போது எங்கள் ரேஷன் கார்டில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு, முதல் பட்டதாரிச் சான்றிதழ் கேட்டுப் போன அலுவலகத்தில் எங்களை அலையவிட்ட அலைச்சலை மறக்கவே முடியாது. பெற்றோர், தாத்தா பாட்டி, கூடப்பிறந்தவர்கள், இவர்களைத்தான் பார்க்க வேண்டும், பெரியப்பா மகன் கணக்கில் வரமாட்டார் என்று விதியைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா சொன்னாலும், "நாளைக்கு வாங்க". கூலி வேலைக்குப் போகிறவனுக்கு நாளைக்கு வாங்க என்றால் அது ஒரு நாள் சாப்பாடு. கலந்தாய்வுக்குச் சென்னை போகிற பஸ்ஸில் மாணவருக்கும் கூட வருபவருக்கும் பாதிக் கட்டணம் தந்த அதே அரசாங்கத்தில்தான் இதுவும் நடந்தது. உங்களுக்கு அந்தச் சான்றிதழ் தேவைப்படுமானால் ரிசல்ட் வரும்வரை காத்திருக்காதீர்கள், இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

இன்னொரு பயமும் எனக்கு இருக்கிறது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையே நடத்தாமல் இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தை உருப்போட வைத்த தனியார் பள்ளிகளால்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு வந்தது. 2025-26 முதல் அது இல்லை என்று ஆகிவிட்டது. பிள்ளைகளுக்குச் சுமை குறைவது நல்லதுதான், ஆனால் பழைய கதை திரும்பக்கூடாது. பொறியியலில் முதல் வருட மேத்ஸில் திணறிய பிள்ளைகளை நான் பக்கத்து பெஞ்சில் பார்த்திருக்கிறேன், பிளஸ் டூவில் 195, 198 வாங்கியவர்கள்.

உங்கள் மகளுக்கு நடைமுறையாக என்ன செய்யலாம் என்றால், பள்ளியோடு சண்டை வேண்டாம். காலை ஸ்பெஷல் கிளாஸுக்கு ஒழுங்காகப் போகட்டும், சாயங்காலம் ஒரு மணி நேரம் கிரவுண்ட், பிராக்டிகல் தேர்வு நெருங்கும்போது நிறுத்திக்கொள்ளட்டும், இதை நீங்களே நேரில் போய், முடிந்தால் எழுத்திலேயே, தலைமை ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். பி.டி. ஆசிரியரையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். மாநிலப் போட்டி வரை போனால் சான்றிதழில் பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் மார்க் ஷீட்டில் இருப்பதுபோலவே இருக்கிறதா, முத்திரை விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பார்த்து வாங்கச் சொல்லுங்கள். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுக்குத் தனி இடங்கள் உண்டு, தமிழ்நாட்டு அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடும் உண்டு, இரண்டுக்கும் விளையாட்டுச் சான்றிதழைத்தான் கேட்பார்கள். ஒரு எழுத்து மாறியிருந்தால் பிறகு திருத்தி வாங்குவது பெரிய பாடு.