சாவி தொங்கிய ஆணி

அன்புள்ள ஐயா,

நான் காரைக்குடியில் ஓய்வுபெற்ற ஆசிரியை. சென்னையில் இருக்கும் என் மகன் ஞாயிறு பூசையை யூடியூபில் ஓடவிட்டு இட்லி சாப்பிடுகிறான். பேத்திக்கு அருள்நிறை மரியே முழுதாக வராது. இங்கே எங்கள் பங்கிலோ, பின்தெருவிலிருந்து நாலு குடும்பம் வேறு சபையின் ஜெபவீட்டுக்குப் போய்விட்டது. அரிசிக்கும் பணத்துக்கும் போகிறார்கள் என்று, பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் எங்கள் அன்பியத்தில் பேசிக்கொள்கிறோம். யூடியூப் பூசை செல்லுமா? விசுவாசம் எங்கள் தலைமுறையோடு முடிந்துவிடுமா?

எம்.

அன்புள்ள டீச்சர்,

படுக்கையில் கிடப்பவர்களுக்கு யூடியூப் பூசை நல்லதுதான். நடக்கத் தெம்பிருப்பவன் கோயிலுக்குப் போகவேண்டும். 2020 ஊரடங்கில் தொற்றிக்கொண்ட சோம்பேறித்தனம் அது, திட்டுங்கள். பேத்திக்கு செபம் சொல்லித்தர நீங்கள் இருக்கிறீர்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவருக்கு இதை நான் சொல்லவேண்டுமா?

என்னைக் குத்தியது, போகிறபோக்கில் எழுதினீர்களே, 'அரிசிக்கும் பணத்துக்கும்' என்று, அதுதான். நம் பூட்டன்மார் வேதத்துக்கு, அதாவது கிறிஸ்தவத்துக்கு, வந்தபோது ஊர் இதையேதான் சொன்னது. அன்றைக்கு நமக்கு எவ்வளவு வலித்திருக்கும்? அதே கல்லை எடுத்து இன்று பின்தெருவின் மீது எறிகிறீர்கள்.

எனக்குப் பத்து வயதிருக்கும். தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமம், பெயர் வேண்டாம். என் வகுப்புத் தோழனின் அப்பா செட்டிவீட்டுச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு அரைத்தவர். திருவிழாவுக்கு முன் எங்கள் கோயிலுக்கு வெள்ளையடிப்பதும் அவர்தான், கூலி வாங்காமல். ஒரு நாள் காலையில் செத்துப்போனார். கோயிலுக்குப் பின்னால் கொட்டகையில் தூம்பா இருந்தது, பிணத்தை வைத்துத் தூக்கிப்போகும் பெட்டி. கறுப்புப் பெயின்ட், மேலே வெள்ளைச் சிலுவை, நாலு பக்கமும் பித்தளைப் பிடி. கொட்டகைச் சாவி நிர்வாகியான என் அப்பாவிடம். தோழன் கண் வீங்கி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். திண்ணையில் ஏறவில்லை. "சாவி சாமியார்கிட்ட இருக்குப்பா" என்றார் அப்பா. அவர் தலைக்கு மேலே ஆணியில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன். அவனும் பார்த்தான்.

மூங்கில் பாடையில்தான் எடுத்தார்கள். சாமியார் தெருமுக்கு வரை வந்து நின்றுவிட்டார். தூபக்கால் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற பையன் நான்தான். கல்லறைத் தோட்டத்திலும் அவர்களுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம்.

பழைய கதை என்பீர்கள். சரி, இன்னும் பழையதைச் சொல்கிறேன். ஓரியூருக்குப் போய்ச் செம்மண்ணை முந்தானையில் முடிந்துகொண்டு வருகிறோமே, 1693இல் அங்கே வெட்டுப்பட்ட போர்ச்சுகல் சாமியார் அருளானந்தர் ஏன் பண்டாரசாமி கோலத்தில், பிராமணரல்லாத சந்நியாசியாக, அலைந்தார்? அவருக்கு முன்னால் மதுரைக்கு வந்த இத்தாலியச் சாமியார் நொபிலியின் வழியில் பிராமணச் சந்நியாசிகளாக வாழ்ந்த குருக்கள் தாழ்த்தப்பட்டவர்களோடு பழக முடியாது. அதற்காகவே பண்டாரசாமிகள் என்று தனியாக ஒரு பிரிவு வைத்தார்கள். சாமியார்களையே இரண்டாகப் பிரித்துத்தான் இந்த மண்ணில் ஆரம்பித்தோம். மேல்சாதியை இழுக்க வேறு வழியில்லை என்று அதற்கு நியாயம் சொல்வார்கள். நான் ஏற்பதில்லை.

இன்னொன்று. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதியார் இந்துக்களாக இருக்கவேண்டும். 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவத் தலித்துகள் இன்னும் வெளியேதான். அது அநியாயம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் அரசிடம் 'எங்களுக்குள்ளும் தீண்டாமை இருக்கிறது' என்று மனுக் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை 'கிறிஸ்துவில் சாதியில்லை' என்று பிரசங்கம் வைக்கிறோமே, கேட்கிறவனுக்குச் சிரிப்பு வராதா? இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016இல் தலித் கொள்கை அறிக்கை வெளியிட்டு, திருச்சபைக்குள் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது. அது எத்தனை பங்குப் பேரவைகளில் வாசிக்கப்பட்டிருக்கும்? உங்கள் அன்பியத்தில் யாராவது வாசித்தீர்களா?

என் தோழன் இப்போது ஜெபவீட்டுக்காரன். தகரக் கொட்டகை, காதைக் கிழிக்கும் ஸ்பீக்கர். சர்க்கரை நோய்க்கு மாத்திரை வேண்டாம், ஜெபம் போதும் என்று கத்தும் போதகர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அங்கேயும் சாதி இல்லாமலில்லை, பெண் எடுக்கும்போது தெரியும். இருந்தாலும், போன வருடம் அவன் அம்மா தொண்ணூறு தாண்டிச் செத்தபோது போயிருந்தேன். குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் போதகர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டு டம்ளரில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும் தோழன் நாற்காலி எடுத்துப்போட்டான். கடைக்கு ஆளனுப்பி பாட்டில் தண்ணீரும் வாங்கி வந்தான். சீல் உடைக்காமல் கையில் கொடுத்தான்.

கோபித்துக்கொள்ளாதீர்கள் டீச்சர். உங்கள் கேள்விக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை என்று எனக்கே தெரிகிறது. அந்த நாலு வீட்டுப் பிள்ளைகளில் யாராவது உங்களிடம் படித்திருப்பார்களே? வாசலில் நின்று விசாரிக்காமல் உள்ளே போய்க் காப்பி கேளுங்கள். அப்புறம், வருகிற திருவிழாவில் சப்பரம் பின்தெருவுக்குள் போகிறதா, முக்கிலேயே திரும்பிவிடுகிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.